வெறுங்கை படாத இரும்பு

லாரியில் கயிறு போட்டுக் கட்டி வந்த ஜீப்பைப் பார்த்ததும் டிங்கரிங் பட்டறைக்காரர் கென்ஸோவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"நல்லவேளை, ஓட்டிக்கிட்டு வரலம்மா. வழி நெடுக உதிர்ந்துக்கிட்டே வந்திருக்கும்."

ஜீப்பைக் கொண்டுவந்த நகுமோ ஓரியேவும் சிரித்தாள். முப்பது வயதிருக்கும். தாத்தாவின் கண்கள் அப்படியே அவளுக்கு. "தாத்தா போனதுலருந்து கொட்டகையிலேயே கிடந்துச்சு, ஐயா. விக்க மனசு வரல. அவரு வாங்குனப்ப இருந்த அதே பச்சை வேணும். பனி விழறதுக்குள்ள முடியுமா?"

"பச்சை கடைசி வேலை. முதல்ல துரு எதுவரைக்கும் தின்னிருக்குன்னு பாக்கணும்."

லாரி போன பிறகு அவர் ஜீப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கடலோர ஊரான ஒகுகாசேயில் இரும்பு நீண்ட நாள் வாழாது. கோடையில் கடல் காற்று அரிக்கும். குளிர்காலத்தில் பனி உருகச் சாலையெங்கும் கொட்டும் உப்பு மிச்சத்தைத் தின்றுவிடும். ஆனால் இந்த ஜீப் அவர் பயந்த அளவுக்கு மோசமில்லை. தரைத்தகடு கெட்டியாக இருந்தது. கதவுக்குக் கீழே மட்டும் சில ஓட்டைகள். இடது மட்கார்டில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. ஒரு கைக்குட்டை அளவுக்கு, அந்த ஒரு இடத்தில் மட்டும்.

மாலையில் இசாமுவுக்கு போன் செய்தார். இருவரும் சேர்ந்து இந்தப் பட்டறையை நடத்தத் தொடங்கி முப்பத்திரண்டு வருடம். இசாமுவுக்கு மூட்டுவலி. பத்து நாள் மலைமேல் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போயிருந்தார்.

"நகுமோ கிழவரோட ஜீப்பு வந்திருக்குடா. நினைவிருக்கா? அவரு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஒரு குளிர்காலம் முழுக்க நம்மகிட்ட நின்னுச்சே, பிரேக் வேலைக்கு."

மறுமுனையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"இசாமு? வெந்நீர்ல வெந்தே போயிட்டியா?"

"திருப்பி அனுப்பிடு."

"ஏன்டா?"

"அதுல ஒண்ணும் மிச்சமிருக்காது, கென். நம்ம வயசுக்கு இதெல்லாம் தேவையா?"

"முட்டி போனது உனக்கு. எனக்கில்ல."

"நான் வர்ற வரைக்கும் தொடாதே. சொல்றதைக் கேளு."

கென்ஸோ சிரித்துக்கொண்டே போனை வைத்தார். பெரிய வேலை வந்தாலே இசாமு முனகுவது புதிதல்ல.

அந்தக் குளிர்காலத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகுதான் பட்டது. அந்தக் குளிர்காலத்தைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. இருபத்தேழு வருடத்துக்கு முன்னால், பனிப்புயல் அடித்த ஒரு ஜனவரி இரவு, கென்ஸோவின் தம்பி மினோரு ரயில் நிலையத்திலிருந்து போன் செய்தான். வயது இருபத்துநாலு. கடைசி ரயிலில் வந்திறங்கி, கூட்டிப்போக வரும்படி கேட்டான். கென்ஸோவுக்கு அன்று கடும் காய்ச்சல். பட்டறையில் இருந்த இசாமுவைக் கூப்பிட்டு, நீ போய்க் கூட்டி வா என்றார். ஒரு மணி நேரம் கழித்து இசாமு போன் செய்தார். வேனை எடுத்துக்கொண்டு போனதாகவும், நிலையத்தில் யாரும் இல்லை, யாராவது சிநேகிதனோடு போயிருப்பான் என்றும் சொன்னார். கென்ஸோ தூங்கிப்போனார்.

மார்ச்சில் பனி உருகியபோது மினோரு கிடைத்தான். நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, சாலையோர வாய்க்காலில். குடித்துவிட்டு விழுந்திருப்பான், கால் முறிந்திருப்பது பனி அள்ளும் வண்டி பட்டதால் என்று போலீஸார் எழுதி முடித்தார்கள். தகனம் முடிந்து குச்சிகளால் எலும்பு பொறுக்கும்போது கென்ஸோவின் பிடியிலிருந்து எலும்பு நழுவியது. அவருடைய குச்சியோடு தன் குச்சியைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கியவர் இசாமுதான். அதன்பின் ஒவ்வொரு மார்ச்சிலும் மினோருவின் படத்துக்கு முன்னால் அவனுக்குப் பிடித்த காரமான அரிசி வறுவல் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்து போவார். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

மறுநாளே கென்ஸோ வேலையைத் தொடங்கினார்.

இருக்கைகளைக் கழற்றினார். கண்ணாடிச் சட்டத்தைப் பிரித்தார். பெயின்ட் உரிக்கும் பசையைத் தடவி, அது சுருங்கிக் கொப்பளித்ததும் தகட்டால் வழித்தார். முதலில் மங்கிய பச்சை உரிந்தது, பிறகு சாம்பல், பிறகு செங்காவி. தோல் தோலாகத் தரையில் விழுந்தது. மட்கார்டில் கொப்பளித்த இடத்தை மட்டும் கடைசிக்கு வைத்தார்.

பசையின் காட்டத்துக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. நனைந்த கம்பளிக் கோட்டு காயும்போது வருமே, அது. கென்ஸோ அடுப்பருகே போய்ப் பார்த்தார். அங்கே எதுவும் காயப் போடவில்லை.

மாலைக்குள் பானெட் முழுக்க வெற்று இரும்பாக நின்றது. எமரித் தாளால் தேய்த்து, துரு தின்னும் அமிலம் தடவிக் கழுவி, உலர்த்தி, தின்னரால் மூன்று முறை துடைத்தார். இப்படித் துடைத்த இரும்பை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது. கையில் இருக்கும் உப்பே போதும், மறுநாள் காலையில் ஐந்து விரலும் செந்நிறத்தில் எழுந்து நிற்கும். எவனாவது மறந்து தொட்டுவிட்டால் மற்றவன் நாள் முழுக்கக் கிண்டல் செய்வான். "யாருடா இது, இரும்புல கைநாட்டு வச்சது?" அந்த ஊரில் எந்த டிங்கரிங் பட்டறையிலும் இதுதான் பெரிய அவமானம்.

கென்ஸோ கையுறையைக் கழற்றவே இல்லை. ஷட்டரை இறக்கி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் பானெட் மேல் இரண்டு உள்ளங்கைகள் இருந்தன.

துருவால் ஆன கைகள். விரல்கள் அகல விரிந்து, ஓட்டுபவரின் இடத்தை நோக்கி நீண்டிருந்தன. முன்னால் நின்ற யாரோ வண்டியைத் தள்ளி நிறுத்தப் பார்த்தது போல.

கென்ஸோ குனிந்து பார்த்தார். பிறகு தன் கையைக் காற்றில் அதற்கு மேலே பிடித்துப் பார்த்தார். அவர் கையைவிட அது சிறியது.

நானேதான் எப்போதோ தொட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டார். பட்டறையில் வேறு யாரும் இல்லாததால் அதை உரக்கவே சொன்னார். அமிலம் தடவித் தேய்த்தார். போய்விட்டது. அன்று முழுக்கக் கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டார். பக்கங்களையும் பம்பரையும் உரித்தார். தரைத்தகட்டை உரித்தார். சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஷட்டர் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் பானெட் சுத்தமாக இருந்தது.

கை இறங்கியிருந்தது.

இடது பக்கம், மட்கார்டின் மேல் விளிம்பைப் பற்றிய நான்கு விரல்கள். அதற்கு ஒரு முழம் கீழே, முன் பம்பரின் ஓரத்தில், மறுபடி நான்கு விரல்கள். இந்த முறை விரல் நுனியிலிருந்து கீழ்நோக்கி நீண்ட கோடுகள். பிடி நழுவிய கோடுகள்.

கம்பளி வாசனை இப்போது பட்டறை முழுக்க இருந்தது.

கென்ஸோ வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். கடல் சத்தம் கேட்டது. மேலே, நடுவில், கீழே என்று அந்தக் கைகள் போன வழியை அவர் கண்கள் திரும்பத் திரும்பத் தொடர்ந்தன. நின்றுகொண்டிருந்தவன். பிறகு மண்டியிட்டவன். பிறகு தரையில் கிடந்தவன்.

நடுவில் இருந்தது அந்தக் கொப்பளித்த இடம்.

எழுந்து அந்த இடத்தின் பெயின்டையும் உரித்தார். உள்ளே பள்ளத்தை நிரப்பும் பட்டி இருக்கும் என்று எதிர்பார்த்தார். பட்டி இல்லை. ஈயம் இருந்தது. பள்ளத்தில் ஈயத்தை உருக்கி நிரப்பி, அரத்தால் ராவி மட்டம் செய்திருந்தார்கள். பட்டி வெடிக்கும், காட்டிக்கொடுக்கும். ஈயம் அப்படியில்லை. ஒழுங்காகச் செய்தால் ஆயுசுக்கும் தெரியாது.

ஆனால் இது ஒழுங்காகச் செய்யப்படவில்லை. ஈயம் ஒட்டுவதற்கு முதலில் அமிலம் தடவ வேண்டும். வேலை முடிந்ததும் அந்த அமிலத்தைச் சோடா உப்புத் தண்ணீரால் மூன்று முறையாவது கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் அது ஈயத்துக்கு அடியிலேயே கிடந்து இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். இங்கே கழுவவில்லை. யாரோ அவசரத்தில் இருந்திருக்கிறார்கள்.

கென்ஸோ விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் சாய்வாக விழும்படி வைத்தார்.

ஈயத்தின் மேல் அரம் போன கீறல்கள் தெரிந்தன. வலது மேலிருந்து இடது கீழாக அல்ல. இடது மேலிருந்து வலது கீழாக.

இந்தக் கடற்கரை முழுக்க இடது கையால் அரம் பிடிக்கிறவர் ஒருவரைத்தான் அவருக்குத் தெரியும். அந்த ஆளோடு சேர்ந்துதான் முப்பத்திரண்டு வருடமாகத் தினமும் மதியச் சோறு தின்கிறார்.

நெருப்புக் குழாயைப் பற்றவைத்து ஈயத்தின் மேல் காட்டினார். ஈயம் வியர்த்தது, பளபளத்தது, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அதன் அடியிலிருந்து பள்ளம் வெளியே வந்தது. மரத்தில் மோதிய பள்ளம் கூர்மையாக இருக்கும். கல்லில் மோதினால் கிழியும். இது ஆழமில்லாமல், அகலமாக, மெத்தென்று உள்வாங்கியிருந்தது. கென்ஸோ அதன் பக்கத்தில் நின்று பார்த்தார். அவருடைய தொடை உயரம்.

வேனில் போனேன் என்றுதானே சொன்னான்.

அந்தப் பழைய வேன் பனியில் பத்தடி போகாது. அன்று பட்டறையில் பனியில் ஓடக்கூடிய வண்டி இந்த ஜீப் ஒன்றுதான். அது கென்ஸோவுக்கும் தெரியும். இருபத்தேழு வருடமாகத் தெரியும். ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அன்று மதியம் இசாமு வந்துவிட்டார். பத்து நாள் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றவர், கென்ஸோவின் முகத்தைப் பார்க்கவில்லை. மட்கார்டைப் பார்த்தார்.

"தொடாதேன்னு சொன்னேனே, கென்."



இசாமு உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார். அடிப்பூச்சான ப்ரைமர் டப்பாவை எடுத்து, கெட்டியாக்கும் திரவத்தை அளந்து ஊற்றிக் கலக்கத் தொடங்கினார். குச்சி டப்பாவில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது.

"என்ன பண்றே?"

"பேசிக்கிட்டே வேலை பாக்கலாம். ராத்திரி புயல்னு ரேடியோவுல சொன்னான். வெறும் இரும்பா நிக்குது. உப்புக் காத்து பட்டா கெட்டுடும்."

"இரும்பு கெட்டுடும்னு பயமா உனக்கு?"

குச்சி நின்றது.

"திடீர்னு முன்னால வந்துட்டான்," என்றார் இசாமு. குரல் ஏறக்குறையக் கேட்கவில்லை. "புயல்ல விளக்கு வெளிச்சம் ரெண்டு அடிக்கு மேல போகல. நடந்தே வந்துக்கிட்டிருந்தான் போல. கையை இப்படி நீட்டிட்டு..."

நீட்டிக் காட்டிய தன் கைகளைப் பார்த்துச் சட்டென்று கீழே போட்டார்.

"நீதானே போகச் சொன்னே, கென்."

"நான் கூட்டிட்டு வரச் சொன்னேன்."

வெளியே காற்று ஷட்டரைத் தட்டிப் பார்த்தது.

"உடனே போயிட்டானா?"

இசாமு உட்கார இடம் தேடினார். கவிழ்த்த வாளி இருந்தது. உட்காரவில்லை.

"உன்னைக் கேட்டேன்."

"இல்ல."

"ஏதாவது பேசினானா?"

"என்னைத் தெரிஞ்சுக்கிட்டான். சட்டைக் கையைப் பிடிச்சுக்கிட்டான். 'இசாமுண்ணா, அண்ணன் வரலையா'ன்னு கேட்டான்."

கென்ஸோவின் கண்ணில் எதுவும் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு இடத்தில், வெகுநாளாக மட்டமாக வழவழப்பாக இருந்த ஒரு இடத்தில், அடியிலிருந்து கொப்பளித்து வந்தது.

"ஆளைக் கூட்டிட்டு வரேன்னு அவன்கிட்ட சொன்னேன்," என்றார் இசாமு. "சத்தியமா அதுக்குத்தான் வண்டியைத் திருப்பினேன். இங்க வந்து நிறுத்தி விளக்கைப் போட்டதும் பள்ளம் தெரிஞ்சுச்சு. அடுத்தவன் வண்டி. குடிச்சிருந்தேன். அடுத்த மாசம் கல்யாணம். போனைக் கையில எடுத்தேன், கென். எடுத்து... உனக்குத்தான் அடிச்சேன். யாரும் இல்லைன்னு என் வாய் சொல்லிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் நடந்தே திரும்பிப் போனேன். பனி மூடியிருச்சு. எந்த இடம்னு தெரியல. ஆனா பேச்சுச் சத்தம் கேட்டுச்சு."

"என்ன பேச்சு?"

இசாமு கலக்கும் குச்சியை டப்பாவின் மேல் குறுக்கே வைத்தார்.

"நான் பக்கத்துல போகல," என்றார்.

முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ முறை அவர்கள் இப்படிப் பேசாமல் எதிரெதிரே நின்றிருக்கிறார்கள். அந்த அமைதியைத்தான் கென்ஸோ நட்பு என்று நினைத்திருந்தார். பேசத் தேவையில்லாத நட்பு என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அத்தனை மார்ச் மாதங்களிலும் படத்துக்கு முன்னால் இவன் வைத்த மௌனம் எதைப் பொத்தி வைத்திருந்தது என்று இப்போது தெரிந்தது. எல்லாவற்றையும் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. தனக்காக இவன் அழுதது. மகளின் பள்ளி விழாவுக்கு வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டபோது முதுகில் தூக்கிச் சென்றது. எது அன்பு, எது ப்ரைமர்?

"போலீஸ்கிட்ட போகணும்னா போ," என்றார் இசாமு. "கேஸ் போடுற காலம் தாண்டிப் போச்சு, ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஆனாலும் போ. நான் வரேன். அதுக்கு முன்னால இதை மூடிடலாம். தயவு பண்ணு. அந்தக் கையெல்லாம்... என்னால பாக்க முடியல, கென்."

கென்ஸோ நிமிர்ந்தார். கைகளைப் பற்றி அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மட்கார்டில் இருந்த விரல்கள் நெருப்பில் கருகிப்போயிருந்தன, இசாமு நின்ற இடத்திலிருந்து பம்பரின் ஓரம் தெரியாது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

இசாமு தன் இடது சட்டைக் கையை மெல்ல முழங்கைக்கு மேல் சுருட்டினார். தோலில் எதுவும் இல்லை. ஆனால் அங்கே வேறொருவர் கை இருப்பது போல, அந்த இடத்தை இன்னொரு கையால் பொத்திக்கொண்டார்.

"இன்னும் விடல," என்றார்.

அவர் ஸ்ப்ரே கன்னை எடுத்து மட்கார்டை நோக்கித் திரும்பினார். ஒரு மணி நேரம் போதும். சாம்பல் பூச்சு, அதன்மேல் பட்டி, அதன்மேல் பச்சை. ஓரியே சந்தோஷமாக ஓட்டிப் போவாள். மினோரு எப்படிச் செத்தான் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பள்ளம். அது கண்ணாடி போல வழவழத்துவிடும்.

கென்ஸோ காற்றுக் குழாயைப் பிடுங்கினார். அது பாம்பு போலச் சீறித் தரையில் சுருண்டது. பிறகு வாசலுக்குப் போய், கடல் பக்கத்து ஷட்டரின் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்.

"டேய்! என்ன பண்றே!"

ஷட்டர் ஏறியது. உப்பும் நுரையும் கலந்த காற்று உள்ளே பாய்ந்து வெற்று இரும்பின் மேல் அடித்தது. ஒரு டிங்கரிங்காரன் செய்யவே கூடாத காரியம். இசாமு முட்டிவலியையும் மறந்து ஓடி ஒரு தார்ப்பாயை எடுத்து ஜீப்பின் மேல் வீசப் போனார்.

"போடாதே," என்றார் கென்ஸோ. "இருபத்தேழு வருஷம் போர்த்தி வச்சது போதும். வீட்டுக்குப் போ, இசாமு."

"நாளைக்கு வரட்டுமா?"

கென்ஸோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கைத்தடி வாசலை நோக்கித் திரும்பியது, அதன் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அன்றிரவு ஷட்டரை இறக்காமலே அவர் வீட்டுக்குப் போனார். மினோருவின் படத்துக்கு முன்னால் மார்ச்சிலிருந்து பிரிக்காமல் இருந்த அரிசி வறுவல் பொட்டலத்தை எடுத்துக் குப்பையில் போட்டார். புயல் விடியும் வரை அடித்தது.

காலையில் ஜீப் சிவந்திருந்தது.

பானெட், பக்கங்கள், பம்பர் எல்லாம் ஒரே செந்நிறம். கைகளைக் காணவில்லை. அவற்றைச் சுற்றிலும் துரு பரவி, அவற்றைத் தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. பள்ளம் மட்டும் மூடப்படாமல், பார்க்கிற எவருக்கும் தெரியும்படி இருந்தது. கம்பளி வாசனை இல்லை. கென்ஸோவுக்கு மூச்சு கொஞ்சம் எளிதாக வந்தது. போய்விட்டான் என்று நினைத்தார். யாராவது ஒருவர் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் இருந்திருக்கிறான்.

சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

தரைத்தகடும் சிவந்திருந்தது. நுரை அங்கேயும் தெறித்திருந்தது. ஆனால் முழுக்க அல்ல.

ஓட்டுபவருக்குப் பக்கத்தில், இருக்கை இருந்த இடத்துக்கு முன்னால், இரண்டு இடங்களில் மட்டும் இரும்பு வெள்ளி போல மின்னியது. இரவு முழுக்க அங்கே காற்று படவில்லை. நீர் படவில்லை. ஏதோ அவற்றின் மேல் இருந்திருக்கிறது.

ஒரு ஜோடி பூட்ஸ் அடிகள்.

நுனி முன்னோக்கி. குதிகால் இரண்டும் சேர்ந்து. குளிரில் காலை ஒடுக்கிக்கொண்டு, வண்டி கிளம்பட்டும் என்று உட்கார்ந்திருப்பவனுடைய கால்கள்.

கென்ஸோ இரண்டு கையுறைகளையும் கழற்றினார். குனிந்து, சிவந்த தகட்டின் மேல் ஒரு கையை ஊன்றினார். ஐஸ் போலச் சில்லிட்டது. மற்றக் கையை நகர்த்தி, அந்த வெள்ளித் தடத்தின் மேல் வெறுங்கையாக வைத்தார்.

அது உடம்புச் சூட்டில் இருந்தது.